வில்லி நஞ்சு குடிக்கும்போது நாம் யார் பக்கம்? கொரிய வரலாற்றுத் தொடர்களை முன்வைத்து

கொரிய வரலாற்றுத் தொடர்களில் ஒரு சாவைத் திரும்பத் திரும்பப் படம்பிடித்திருக்கிறார்கள் என்றால் அது ஜாங் ஹீ-பினின் சாவுதான். கொரியாவை ஆண்ட ஜோசன் அரசின் சுக்ஜாங் மன்னர் ஆணையிட்டு 1701இல் உயிர்விட்டவள் அவள். 1961இல் அவள் கதை திரைப்படமானது. பிறகு 1971, 1981, 1988, 1995, 2002, 2010, 2013 என்று தொலைக்காட்சி அவளை விடவே இல்லை. கதை எல்லாருக்கும் மனப்பாடம். அரண்மனைப் பணிப்பெண்ணாக வந்தவள், மன்னரின் மனதைப் பிடித்தாள், மகனைப் பெற்றாள், பட்டத்தரசியை வெளியேற்றினாள், தானே பட்டத்தரசி ஆனாள், கடைசியில் நஞ்சுக் கிண்ணம்.

முடிவு தெரிந்த கதைதான். அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் பார்வையாளர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கிறார்கள். 1971இல் எம்பிசி தொலைக்காட்சித் தொடரில் இந்த வேடத்தில் நடித்தவர் யூன் யூ-ஜங், 2021இல் ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். அந்தத் தொடர் ஓடிய காலத்தில் சுவரொட்டிகளில் இருந்த தன் படத்தின் கண்களைக் குத்திக் கிழித்திருந்தார்கள் என்றும், தெருவில் கண்டால் திட்டினார்கள் என்றும், கையில் இருந்த குளிர்பான விளம்பரமும் போய்விட்டது என்றும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2013க்கு வந்தால் எஸ்பிஎஸ் தொடரில் அதே பாத்திரம் கிம் டே-ஹீ. அங்கே அவள் துணி வடிவமைக்கும் கெட்டிக்காரப் பெண், மன்னரை உண்மையாகக் காதலித்தவள். நஞ்சு குடித்து மன்னரின் கைகளிலேயே சாகிறாள். கண்ணீர் விடச் சொல்லி எடுத்த காட்சி அது.

இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் மக்களின் மனம் மென்மையாகிவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. சமூகம் மாறியது உண்மை. ஆனால் வில்லி விழும்போது பார்ப்பவர் கை தட்டுவதும் கலங்குவதும் பெரும்பாலும் காட்சி கட்டப்பட்ட விதத்தில்தான் முடிவாகிறது. கிண்ணத்தை அனுப்பியது யார், கொண்டுவந்தது யார், குடித்தது எப்படி, நின்று பார்த்தது யார். இந்த நான்கையும் இடம் மாற்றி வைத்தால் ஒரே பெண் அரக்கியாகவும் தெரிவாள், பலியாகவும் தெரிவாள்.

முதலில் அந்தச் சடங்கைப் பார்த்துவிடலாம். ஜோசனில் மன்னர் அனுப்பும் நஞ்சுக்கு 'சாயாக்' என்று பெயர். உயர்குடியினருக்கும் அரச குடும்பத்தினருக்கும் உரியது. உடல் சிதையாமல் சாகலாம் என்பதால் தலையை வெட்டுவதைவிட இது மரியாதையான தண்டனை. உய்கம்பு என்ற விசாரணை மன்றத்தின் அதிகாரி ஆணையோடு வருவார். முற்றத்தில் கோரைப்பாய் விரித்திருக்கும். தண்டனை பெற்றவர் வெள்ளை உடையில் வந்து, மன்னர் இருக்கும் திசை நோக்கி நான்கு முறை விழுந்து வணங்க வேண்டும். சின்ன மேசையில் கிண்ணம் இருக்கும். உள்ளே என்ன கலந்தார்கள் என்பதற்கு உறுதியான செய்முறைக் குறிப்பு கிடையாது. வச்சநாபி வகைக் கிழங்கும் பாஷாணமும் இருந்திருக்கும் என்பது பொதுவான கணிப்பு. தொடர்களில் குடித்த அரை நிமிடத்தில் வாயோரம் இரத்தம் வழிகிறதே, அது கேமராவுக்காக. இவ்வளவு வேகமாக நஞ்சு வேலை செய்யாது. ஒரு கிண்ணம் போதாமல் மேலும் மேலும் கொடுத்த கதைகள் கொரியாவில் நிறைய வழங்குகின்றன.

ஹீ-பின் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அரசவை நாட்குறிப்பில் இருப்பது, அவள் தானே உயிரை மாய்த்துக்கொள்ளட்டும் என்ற மன்னரின் ஆணையும், அப்படியே மாய்த்துக்கொண்டாள் என்ற செய்தியும் மட்டும்தான். கத்தினாள், கிண்ணத்தைத் தட்டிவிட்டாள், ஆட்கள் அவளை அமுக்கிப் பிடித்து வாயைப் பிளந்து ஊற்றினார்கள், சாகும் முன் பட்டத்து இளவரசனான தன் மகனையே தாக்கினாள் என்பதெல்லாம் செவிவழிக் கதைகளிலும் அரண்மனைக் கதைநூல்களிலும் இருந்து வந்தவை. அந்தக் கதைகளில் பல அவளுடைய எதிர்க்கட்சியின் பார்வையில் எழுதப்பட்டவை. தெற்கத்தியர் என்ற நாமின் கட்சி அவளுக்குப் பின்னால் நின்றது. பட்டத்தரசி இன்ஹியானுக்குப் பின்னால் மேற்கத்தியரான சோயின் கட்சி. 1689இல் சோயின் வீழ்ந்தபோது இன்ஹியான் வெளியேற்றப்பட்டார். 1694இல் நாமின் வீழ்ந்தபோது இன்ஹியான் திரும்பி வந்தார், ஹீ-பின் மறுபடி துணைவி நிலைக்கு இறக்கப்பட்டாள். இரண்டு முறையும் பலகையைப் புரட்டியது ஒரே கை, சுக்ஜாங்கின் கை.

ஆரம்பகாலத் தொடர்கள் செவிவழிக் கதையைத்தான் எடுத்துக்கொண்டன. அதற்குக் காரணமும் உண்டு. மாதக்கணக்கில் பார்வையாளரை எரிச்சலூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த எரிச்சலுக்கு வடிகால் வேண்டும். அமைதியாகக் குடித்துவிட்டுச் சாய்ந்தால் வடிகால் கிடைக்காது. அவள் திமிற வேண்டும், கத்த வேண்டும், அப்போதுதான் தண்டனை தண்டனையாகத் தெரியும். இதனாலேயே அந்தக் காட்சி நடிகைகளுக்கு ஒரு தேர்வு மாதிரி ஆனது. லீ மி-சூக், ஜியான் இன்-ஹ்வா, ஜங் சன்-கியாங், கிம் ஹே-சூ என்று ஒவ்வொருவர் குடித்த விதத்தையும் ரசிகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். 2002இல் தொடங்கி 100 அத்தியாயம் ஓடிய கேபிஎஸ் தொடருக்காகக் கிம் ஹே-சூ 2003இல் அந்த நிறுவனத்தின் தலைமை விருதையே வாங்கினார்.

ஆனால் திமிறவைப்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு பெண்ணைப் பலர் சேர்ந்து பிடித்து வாயில் ஊற்றும் காட்சி ஓர் அளவைத் தாண்டினால் பார்ப்பவரின் வயிறு புரளும். அந்த நொடியில் வெறுப்பு அவளை விட்டுவிட்டு, உத்தரவு போட்டவரின் மேல் போய் உட்காரும். அதுவரை மன்னரை 'பாவம், ஏமாந்தவர்' என்று காட்டிய தொடர்களுக்கு இது பெரிய இடி. ஏனென்றால் பார்வையாளர் அங்கே கணக்குப் போட ஆரம்பிக்கிறார். இவளைப் பட்டத்தரசி ஆக்கியது யார்? இவர்தானே. இன்ஹியானைத் துரத்தியது யார்? இவர்தானே. கணக்கு சுக்ஜாங்கிடம் வந்து நின்றபின் அடுத்த தொடரில் பழைய மாதிரி கதை சொல்ல முடியாது. 2013இன் பரிதாபம் திடீரென்று வந்ததல்ல, பழைய காட்சிகளுக்குள்ளேயே அதற்கான விதை விழுந்திருந்தது என்று நான் நினைப்பது இதனால்தான்.

2010இல் வந்த 'டோங் யீ' இதற்கு நடுவில் ஒரு வழி பார்த்தது. 60 அத்தியாயம், முதலில் திட்டமிட்டது 50. இயக்கம் லீ பியங்-ஹூன். அங்கே நாயகி சோய் சுக்-பின், அதாவது பின்னால் யாங்ஜோ மன்னராகப் போகிறவனின் தாய். ஹீ-பினாக வந்த லீ சோ-யான் கத்தவில்லை. தானே கிண்ணத்தை எடுத்துக் குடிக்கிறாள். தொடக்கத்தில் அவளை அறிவும் நிதானமும் உள்ளவளாக, நாயகியிடம் பிரியம் காட்டியவளாகக் காட்டியிருந்ததால் அந்த முடிவு பாத்திரத்துக்குப் பொருந்தியது. ஆனால் இந்தத் தொடருக்கு வேறொரு நெருக்கடி. சூனியம் வைத்த விவகாரத்தை மன்னரின் காதில் ரகசியமாகப் போட்டது சுக்-பின் என்று அரசவை நாட்குறிப்பே சொல்கிறது. ஹீ-பின் வாழ்ந்த சுவிசன்-டாங் மாளிகையின் பக்கத்தில் சிறு கோயில் கட்டி, இன்ஹியான் சாக வேண்டும் என்று வேண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. நாயகி கோள் சொன்னவளாக இருக்கக் கூடாது, அதே நேரம் வில்லி விழவும் வேண்டும். இப்படி நாயகியின் கையில் கறை படாமல் பார்த்துக்கொள்ளும் தொடர்களில் எல்லாம் ஒரே குறை தெரியும்: வில்லியை வீழ்த்துவது நாயகி இல்லை, தற்செயல். சாட்சி தானாக வந்து சேரும், கடிதம் தானாகக் கிடைக்கும். பார்வையாளருக்கு வெற்றி கிடைத்த உணர்வு வராது, வழக்கு முடிந்த உணர்வுதான் வரும்.

2013 தொடருக்குத் திரும்பினால், பரிதாபத்துக்கும் ஒரு விலை இருந்தது. ஜோசன் காலத்தில் ஆடை அணிவகுப்பு, உடைமாட்டும் பொம்மை, குதிகால் உயர்ந்த செருப்பு என்று காட்டியதற்காகக் கொரியாவில் கடுமையாகத் திட்டு வாங்கியது. பார்வையாளர் எண்ணிக்கையும் முந்தைய ஹீ-பின் தொடர்களின் பக்கத்தில் வரவில்லை. வில்லியை நல்லவளாக்க முடிவெடுத்தால் அவள் செய்த கெடுதல்களை வேறு யாராவது சுமக்க வேண்டும். அங்கே அரசியல்வாதிகள் சுமந்தார்கள், அரசியும் கொஞ்சம் சுமந்தார். கடைசிக் காட்சியில் கண்ணீர் வருகிறது, ஆனால் வீழ்ச்சி என்ற உணர்வே இல்லை. விழுவதற்கு அவள் எங்கும் ஏறியிருக்கவில்லையே.

ஏறியவள் விழுவதைப் பார்க்க வேண்டும் என்றால் 2009இன் 'சொன்டோக் அரசி'. எம்பிசியில் திங்களும் செவ்வாயும் வந்தது, மொத்தம் 62 அத்தியாயம். ஏழாம் நூற்றாண்டின் சில்லா அரசு, கொரிய வரலாற்றின் முதல் பெண் அரசி. அவளுக்கு எதிரே மிஷில். கோ ஹியான்-ஜங்கின் ஒற்றைப் புருவம் மெல்ல உயர்வதை நாடே பார்த்துப் பேசியது. மிஷில் என்ற பெயர் முறையான வரலாற்று நூல்களில் கிடையாது. 1989இல் வெளிச்சத்துக்கு வந்த, உண்மையா போலியா என்று இன்னும் சண்டை ஓயாத 'ஹ்வாராங் சேகி' கையெழுத்துப் பிரதியில்தான் இருக்கிறது. கதாசிரியர்களுக்கு அது வசதியாகிப்போனது. ஹீ-பினைப் போல முன்முடிவு கிடையாது. எப்படி வேண்டுமானாலும் சாகடிக்கலாம்.

அவர்கள் செய்தது இது. மிஷிலின் ஆட்சிக் கவிழ்ப்பு தோற்கிறது. டேயா கோட்டைக்குப் பின்வாங்குகிறாள். படை இருக்கிறது, போரை நீட்டலாம். எல்லையில் பெக்ஜே நாட்டை எதிர்த்து நிற்கும் படைத்தலைவன் ஒருவன் அவளுக்கு உதவ வரப்பார்க்கிறான். அவன் வந்தால் எல்லை திறந்துவிடும். வராதே, திரும்பிப் போ என்று அனுப்பிவிடுகிறாள். அந்த எல்லையை இரத்தம் சிந்திப் பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி. பிறகு உட்கார்ந்த இடத்திலேயே நஞ்சு குடிக்கிறாள். குழந்தையாக இருந்தபோது அவள் தூக்கி எறிந்த மகன் பிடாம் அருகில் இருக்கிறான். அம்மா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை, எழுந்து போகவும் மனம் வரவில்லை. டொக்மான், அதாவது பின்னால் சொன்டோக் அரசியாகப் போகிறவள், வந்து சேரும்போது மிஷில் அதே இருக்கையில் சாய்ந்திருக்கிறாள். நீ இல்லாமல் போயிருந்தால் நான் யாருமாகவும் ஆகியிருக்க மாட்டேன் என்ற பொருளில் எதிராளிக்கு விடைகொடுக்கிறாள் டொக்மான்.

நான்கு கேள்விகளையும் இங்கே வைத்துப் பாருங்கள். கிண்ணத்தை யாரும் அனுப்பவில்லை. யாரும் கொண்டுவரவில்லை. கையும் நடுங்கவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்குமே அவளிடம் கணக்கு பாக்கி இருக்கிறது. பார்வையாளர் மாதக்கணக்கில் ஆசைப்பட்ட தோல்வி நடந்தேவிட்டது, ஆனால் அதைக் கொண்டாட ஒரு நொடிகூடத் தரவில்லை. வில்லி செத்ததற்கு அழுதவர்கள் அத்தனை பேர் இருந்தது இதனால்தான். அந்த ஆண்டு எம்பிசியின் தலைமை விருது அரசியாக நடித்த லீ யோ-வானுக்குப் போகவில்லை, கோ ஹியான்-ஜங்குக்குப் போனது.

எல்லைப்படையைத் திருப்பி அனுப்பும் அந்தச் சிறிய காட்சியைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். என் கணக்கில் மொத்த வீழ்ச்சியும் அதன்மேல்தான் நிற்கிறது. வில்லிக்கு மரியாதை சேர்க்கக் கடைசி நேரத்தில் சிறுவயதுச் சோகம் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுவது வழக்கம். ஏழைப் பெண், அடித்த அப்பா, பறிகொடுத்த காதல். சாவுக்கு ஓர் அத்தியாயம் முன்னால் இதைக் காட்டினால் பார்ப்பவருக்குக் கோபம்தான் வரும், இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று. மிஷிலுக்குக் கடைசி நேரத்தில் அப்படி எதுவும் ஒட்டப்படவில்லை. அவள் கைக்கு எட்டிய ஒரு வாய்ப்பை, அவள் மதிக்கும் ஒன்றுக்காக விட்டுக்கொடுக்கிறாள். செயல் ஒன்று போதும்.

'டே ஜாங் கம்' (2003–04) தொடரின் அரண்மனைப் பணிப்பெண் சோய் சாங்குங் இன்னொரு வகை. 54 அத்தியாயம், உச்சத்தில் 57.8 சதவீதம் பேர் பார்த்த தொடர். அதன் முதல் அத்தியாயத்திலேயே நஞ்சு வந்துவிடுகிறது. நாயகியின் தாய்க்கு அரண்மனைப் பெண்கள் கூடி ஊட்டுவது. அன்றைக்கு இளம்பெண்ணாக அந்தக் கூட்டத்தில் நின்றவள்தான் சோய் சாங்குங். அவளிடம் நாயகி ஜாங்-கம் எதிர்பார்ப்பது உயிரை அல்ல, செய்ததை ஒப்புக்கொள்வதை. அதை மட்டும் அவளால் கொடுக்க முடியவில்லை. எல்லாம் இழந்தபின் மலையில் சரிந்து விழுந்து சாகிறாள். நீதிமன்றமும் கிண்ணமும் இல்லாத சாவு என்பதால் திருப்தி கிடைக்கவில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்புக்கொள் என்று கேட்டும் ஒப்புக்கொள்ளாதவளுக்கு மன்னரின் தண்டனை எதையும் கூட்டியிருக்காது.

குறைப்பட வேண்டிய இடம் வேறு: இழுவை. வாரம் இரண்டு அத்தியாயம் என்ற கணக்கில், படப்பிடிப்பு ஒளிபரப்புக்குச் சில நாள் முன்னால்தான் முடியும் என்ற நிலை கொரியாவில் நெடுநாள் இருந்தது. கதை வெற்றி பெற்றால் நிறுவனம் நீட்டிக்கச் சொல்லும். நீட்டிப்புக்கு மிகச் சுலபமான வழி வில்லியைத் தப்பவைப்பது. சாட்சி வாய் திறக்கப்போகும் நேரத்தில் அம்பு வந்து தைக்கும். கணக்குப் புத்தகம் எரியும். மன்னருக்கு நாளைக்குச் சொல்கிறேன் என்று போன நல்லவர் அன்றிரவே செத்திருப்பார். ஒருமுறை பதறுவோம், இரண்டாம் முறை பல்லைக் கடிப்போம், மூன்றாம் முறை வில்லியின்மேல் இருந்த கோபம் கதாசிரியர்மேல் திரும்பிவிடும். கொரிய ரசிகர்கள் இந்த மூச்சடைப்பைக் 'கோகுமா' என்பார்கள், தண்ணீர் இல்லாமல் விழுங்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அது இறங்கும் நேரம் 'சைடா', எலுமிச்சை சோடா. கிழங்கின் அளவு அதிகமானால் எவ்வளவு சோடா ஊற்றியும் பலனில்லை. தீர்ப்பு வரும்போது பார்வையாளரிடம் மிஞ்சுவது, ஒருவழியாக முடிந்ததே என்ற அலுப்பு மட்டும்.

இன்னொரு கோளாறு, வில்லி போனபின் மிஞ்சும் அத்தியாயங்கள். 'சொன்டோக் அரசி' முதலில் 50 அத்தியாயத்துக்குத் திட்டமிட்டது, பிறகு 12 சேர்த்தார்கள். மிஷில் சாவது சரியாக 50ஆம் அத்தியாயத்தில், 2009 நவம்பரில். நாற்பது சதவீதத்தைத் தாண்டியிருந்த பார்வையாளர் எண்ணிக்கை அதற்குப்பின் முப்பதுகளுக்கு இறங்கியது. இதில் வியப்பில்லை. அரசியின் புத்தியெல்லாம் மிஷிலோடு மோதித் தீட்டிக்கொண்டது. மோத ஆள் இல்லாதபோது அவள் வெறும் அரசி.

அந்தப் பன்னிரண்டைக் காப்பாற்றியது பிடாம். வரலாற்றில் பிடாம் 647இல் கலகம் செய்த பிரபு. அரண்மனைப் பக்கம் ஒரு நட்சத்திரம் விழுந்தது, அரசிக்குக் கெட்ட சகுனம் என்று கலகக்காரர்கள் கூத்தாடினார்கள், தளபதி கிம் யூ-ஷின் தீ ஏந்திய பொம்மையைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு நட்சத்திரம் திரும்ப மேலே போய்விட்டது என்று படையைத் தேற்றினார் என்பது பழைய வரலாற்று நூலான 'சம்குக் சாகி' தரும் செய்தி. அரசி அந்தக் கலகத்தின் நடுவிலேயே இறந்தாள். பிடாம் அதற்குச் சில நாள் கழித்துக் கொல்லப்பட்டான். தொடர் இந்த வரிசையைப் புரட்டிவிட்டது. பிடாமை அரசியின் காதலனாக்கி, பிறர் சூழ்ச்சியால் அவள் தன்னைக் கைவிட்டாள் என்று நம்பவைத்து, அவனை முதலில் சாகவைத்தது.

கடைசி அத்தியாயத்தில் சூழ்ச்சி முழுக்கத் தெரிந்தபின் அவன் படைகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக அரசியை நோக்கி நடக்கிறான். சுற்றிலும் ஈட்டிகள், அம்புகள். மனதுக்குள் அடிகளை எண்ணுகிறான்: இன்னும் எழுபது அடி, முப்பது, பத்து. யூ-ஷினின் வாள் அங்கே அவனை நிறுத்துகிறது. அரசியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாத நாட்டில், டொக்மான் என்று அவள் பெயரைச் சொல்லிவிட்டு விழுகிறான். அரசி இரண்டடி தூரம்கூட முன்னால் வர முடியாமல் நிற்கிறாள். அவள் படை, அவள் உத்தரவு.

கலகக்காரன் விழுந்ததற்கு யாரும் கை தட்டாத முடிவு அது. முதல் முறை பார்க்கப்போகிறவர்கள் 50ஆம் அத்தியாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 51 முதல் 57 வரை கொஞ்சம் பொறுமை வேண்டும். பிடாமின் காதில் போடப்படும் ஒவ்வொரு பொய்யையும், அதைச் சொல்பவன் யார் என்பதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். 62இல் அவன் நடக்கத் தொடங்கும்போது அத்தனையும் தேவைப்படும்.